ஏரிக்கரைச் சால்வை: நாவலிலிருந்து ஒரு பின்னல் வடிவமைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பின்னல் வகுப்புக்கு வருகிறவர்களும், புதுச்சேரியிலிருந்து போன் போட்டுக் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே சால்வையைச் சுற்றித்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வைத்து நான் வடிவமைத்த பருத்தி ஸ்டோல் அது. கணக்கு முழுவதும் கீழே இருக்கிறது. அப்படியே பின்னலாம், உங்களுக்குப் பிடித்த நாவலுக்கு மாற்றியும் பின்னலாம்.

நாவலை எப்படி அக்கா பின்னுவது? புலி, பனை, மீன் என்று கொடிச் சின்னங்களைப் போடுவதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சோழருக்குப் புலி, பழுவேட்டரையருக்குப் பனை, பாண்டியருக்கு மீன். நான் மூன்றையும் விட்டுவிட்டேன்.

முதல் காரணம் கைவேலை சம்பந்தப்பட்டது. பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக இருக்காது. உயரத்தைவிட அகலம் கூடுதல். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் குறுக்கே 22 கண்ணி என்றால் நெடுக்கே 28 வரிசை போல வரும். கட்டம் போட்ட நோட்டில் வரைந்த புலியை அப்படியே பின்னினால் தலை அமுங்கி, கால் குட்டையாகிப் பூனை மாதிரி ஆகிவிடும். அகலக் கட்டம் போட்ட தாளில் வரைந்தால் இதைச் சரி செய்யலாம். ஆனால் இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னும்போது பின்பக்கம் நீளமாக ஓடும் இழைகள் இருக்கின்றனவே, கம்பளியில் அவை துணியோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியில் ஒட்டாது. விரலும் வளையலும் மாட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். புலிப் படம் போட்ட சால்வையை நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்காதவரும் பின்னிவிடலாம். படித்தவர் மட்டுமே பின்னக்கூடியதாக ஒன்று வேண்டும் என்றால், நாவலுக்குள் எண்ணக்கூடியது எது, திரும்பத் திரும்ப வருவது எது, ஓடிக்கொண்டே இருப்பது எது என்று தேடுங்கள். பின்னலும் எண்ணிக்கையும் திரும்ப வருதலும்தான். இரண்டும் சந்திக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் பொன்னியின் செல்வன்? எல்லாரும் எடுத்ததுதானே?

அது நம் ஜில்லாவில் தொடங்குகிற நாவல். முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம்தான். பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் காலத்தில் வெட்டிய ஏரி. தகப்பனின் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாகப் புதுவெள்ளம் வந்து ஏரி கடல் போலப் பொங்குகிறது, 74 கணவாய்களிலும் (மதகுகளிலும்) தண்ணீர் பாய்கிறது என்று எழுதுகிறார் கல்கி. இன்றைக்கும் ஏரிக்குத் தண்ணீர் வருவது அதே வடவாற்றில்தான். அந்த ஒரு காட்சியிலிருந்தே முழுச் சால்வையும் எனக்குக் கிடைத்தது.

எண்களை எப்படிப் பிடித்தீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையாகப் பதில் சொல்வேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் பரம்பரையாகப் பின்னுகிற ஓர் அலைப் பின்னல் உண்டு. ‘ஓல்டு ஷேல்’ என்பார்கள். அங்கே அதை மெல்லிய கம்பளி நூலில் பின்னுவார்கள். நான்கு வரிசைக்கு ஒரு முறை அலை எழும். அதில் மூன்று வரிசை வெறும் நிட் (வழவழப்பாக விழும் நேர்க்கண்ணி), பர்ல் (முடிச்சாக எழும்பும் எதிர்க்கண்ணி) மட்டும்தான். ஓர் அலைக்கு எத்தனை கண்ணி தெரியுமா? 18. ஆடிப் பதினெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அலை எனக்குத் தெரியாது.

அடுத்து 74. சால்வையின் ஒரு நெடுக்கு ஓரத்தை ஏரிக்கரையாக வைத்தேன். அலைக்கு ஒரு துளை வீதம் கரையில் 74 துளைகள். 74 அலை, அலைக்கு நான்கு வரிசை, ஆக 296 வரிசை. இந்த அலைப் பின்னலில் எனக்கு 10 செ.மீ.க்கு 22 வரிசை வருகிறது, அதனால் நீளம் 134 செ.மீ. இரண்டு முனைத் தலைப்புகளையும் சேர்த்தால் 150. தோளில் போட்டு ஒரு சுற்றுச் சுற்ற அளவான நீளம்.

இப்போது பாகங்கள். நாவல் ஐந்து பாகம்: புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. சால்வையின் வரிசை 296. கிட்டத்தட்ட அத்தியாயத்துக்கு ஒரு வரிசை! இந்த விகிதத்தில் 74 அலைகளையும் பங்கு போட்டால் 14, 13, 12, 12, 23 என்று அலை அலையாகப் பிரிகிறது. கூட்டினால் சரியாக 74. அந்த ஐந்து பங்குக்கும் ஐந்து நிறம். கடைசி நிறம் மட்டும் நீண்டுகொண்டே போகும், படிக்கும்போது கடைசிப் பாகம் நீண்டுகொண்டே போவது மாதிரி.

ஐந்தையும் சமமாக வெட்டினால் பார்க்க அழகாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். நாவல் சமமாக வெட்டியதில்லை.

முழுக் கணக்கையும் சொல்லுங்கள்.

99 கண்ணி ஏற்றுங்கள். கரைக்கு 6, அலைக்கு 90 (18 வீதம் ஐந்து), எதிர் ஓரத்துக்கு 3. இரண்டு ஓரமும் எல்லா வரிசையிலும் நிட்தான், அப்போதுதான் சுருளாது.

தலைப்பு 24 வரிசை. முதல் 6 வரிசை முழுக்க நிட். அடுத்த 13 வரிசை, ஓரங்களை விட்டு நடு 90 கண்ணியில் நேர்ப்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். பிறகு 5 வரிசை முழுக்க நிட்.

அதன்பின் அலை. முதல் வரிசை நிட். இரண்டாவது வரிசை பர்ல். மூன்றாவது வரிசையில்தான் வேலை: இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக மூன்று முறை நிட்; பிறகு ஊசியில் நூலைச் சுற்றி ஒரு நிட், இதை ஆறு முறை; மறுபடி இரண்டிரண்டைச் சேர்த்து மூன்று முறை. 18 கண்ணி உள்ளே போய் 18 கண்ணியாகவே வெளியே வரும். நான்காவது வரிசை, பின்பக்கம்தான் என்றாலும், நிட். அதனால் நேர்ப்பக்கத்தில் ஒரு வரப்பு எழும்பும். அலையின் நுரை அது.

கரைத் துளையும் அந்த மூன்றாவது வரிசையிலேயே: இரண்டு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, நூலைச் சுற்று, இரண்டு நிட். ஆறு கண்ணி ஆறாகவே இருக்கும்.

நிறத்தை எப்போதும் அலையின் முதல் வரிசையில் மாற்றுங்கள். 74 அலை முடிந்ததும் மறுமுனைக்கும் அதே 24 வரிசை. கண்ணிகளைத் தளர்வாக மூடுங்கள். வரிசை எண்ணும் கருவி எதுவும் தேவைப்படாது. எங்கே நிறுத்தினீர்கள் என்று சந்தேகம் வந்தால் கரையில் துளைகளை எண்ணினால் போதும்.

நிறங்கள்?

புது வெள்ளத்துக்கு நீலம் வாங்காதீர்கள். ஆடியில் வரும் புதுத்தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு செங்காவியாக வரும். அந்த நிறம் தேடுங்கள். சுழற்காற்றுக்குக் கோடிக்கரைக் கடல், மழைக்கு முந்தைய சாம்பல் நீலம். கொலைவாளுக்குச் சிவப்பு வேண்டாம், இரும்பின் கருஞ்சாம்பல் போதும். மணிமகுடத்துக்குப் பளபளக்கும் ஜரிகை நூல் கேட்பவர்கள் உண்டு. நான் தேய்க்காத பித்தளையின் மங்கல் மஞ்சள்தான் போட்டேன். அந்தப் பாகத்தில் மகுடத்தை நினைத்து நிம்மதியாகத் தூங்கியவர் யாருமில்லை. தியாக சிகரத்துக்குச் சாயமே போடாத கோரா நூல். கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்கும் பாகம் அது, அதற்கு ஒரு நிறம் பூச எனக்கு மனம் வரவில்லை.

அடர் நிறம் எது வாங்கினாலும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் பக்கத்துக் கோரா அலை பாழ்.

கடலூர் வெயிலுக்குச் சால்வையா?

கம்பளியில் பின்னினால் யாரும் போட மாட்டார்கள். பருத்தியில் பின்னினால் மார்கழி விடியலுக்கு, ராத்திரி ஏசி பஸ்ஸுக்கு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் இரவுக்கு என்று ஆகும். அலைப் பின்னலில் ஓட்டை நிறைய, காற்று போகும்.

பருத்தி நூல் எங்கே கிடைக்கும்? கடையில் அக்ரிலிக் உல்லன்தான் இருக்கிறது.

உண்மைதான். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் கேட்டால் முதலில் அக்ரிலிக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். பின்னலுக்கென்று விற்கும், 8 ப்ளை என்ற கனத்துப் பருத்திக் கண்டு ஆன்லைனில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்.

இன்னொரு வழி, தறி நூல். குறிஞ்சிப்பாடி பக்கம் தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் இடங்களில் சிட்டமாக (நூல் கட்டாக) கேட்டு வாங்கலாம். லுங்கிக்குப் போகும் நூல் ரொம்ப மெல்லிசு, அது வேண்டாம், 2/20 கேளுங்கள். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை நிற்கும் என்ற கணக்கு. 2/20 என்றால் இருபதாம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது, அதாவது பத்தாம் நம்பர் கனம். ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். 8 ப்ளைப் பருத்தி கிராமுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே 2/20 நூலை எட்டு இழை சேர்த்துப் பிடித்தால் அதே கனம் வந்துவிடும். எட்டு இழையையும் முதலிலேயே ஒன்றாகச் சுற்றிக் கண்டாக்கிக்கொள்ளுங்கள். பின்னும்போது ஊசி ஏழில் மட்டும் நுழைந்து ஓர் இழையை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நிதானம் தேவை.

இதில் எனக்குப் பிடித்தது, நிறத்தைக் கலக்க முடிவதுதான். பாகம் மாறும் இடத்தில் ஆறு இழை பழைய நிறம், இரண்டு இழை புதிது என்று ஓர் அலை பின்னிப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் இடம் போல நிறம் மெதுவாகத் திரும்பும்.

எவ்வளவு நூல் வாங்குவது?

பதினைந்துக்குப் பதினைந்து செ.மீ. மாதிரித் துண்டு ஒன்றை அதே அலைப் பின்னலில் பின்னுங்கள். அதைத் துவைத்து, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக் கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். பருத்திக்குக் கம்பளியின் மீள்தன்மை கிடையாது. தன் எடைக்கே நீண்டு இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பது தொங்கவிட்டால்தான் தெரியும். அதன்பின் அளவெடுத்து, நகைக்கடைத் தராசு மாதிரி சின்னத் தராசில் எடை போடுங்கள். துண்டு 225 சதுர செ.மீ., 9 கிராம் என்றால், 50-க்கு 150 சால்வை 7,500 சதுர செ.மீ., ஆக 300 கிராம். கைக்காவலாக இன்னும் 50 கிராம்.

தலைப்புகளையும் சேர்த்து நிறவாரியாகச் சுமாராகப் பிரித்தால் செங்காவி 80 கிராம், நீலம் 55, கருஞ்சாம்பல் 50, பித்தளை மஞ்சள் 50, கோரா 120. ஐம்பது என்று சொன்ன இடத்தில் ஒரே ஒரு ஐம்பது கிராம் கண்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் தவிக்காதீர்கள். இரண்டு வாங்குங்கள்.

என்ன ஊசி?

4 மி.மீ., வட்ட ஊசி. நம் ஊர் ஈரக்காற்றில் கை வேர்க்கும். மூங்கில் ஊசியில் பிடி நழுவாது. 99 கண்ணியின் எடையை இரண்டு முனைகளையும் இணைக்கும் கேபிள் தாங்கிக்கொள்வதால் மணிக்கட்டும் வலிக்காது.

தலைப்பில் 13 வரிசை வெறுமையாக விட்டிருக்கிறீர்களே, எதற்கு?

அது பெயர்களுக்கு. பின்னலுக்குள் பெயரை ஒளிப்பதற்கு நாவலிலேயே முன்னோடி உண்டு. டிக்கன்ஸ் 1859-இல் எழுதிய ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலில் மதாம் தெஃபார்ஜ் என்ற ஒயின் கடைக்காரி, பழிவாங்க வேண்டியவர்களின் பெயர்களைக் குறிகளாகப் பின்னிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பழிவாங்கலை விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தமிழ் எழுத்து அட்டவணையே ஒரு பின்னல் வரைபடம். மெய் 18, அலைக்கும் 18 கண்ணி. ஒவ்வொரு மெய்க்கும் ஒரு கண்ணி, இடமிருந்து க், ங், ச் என்று ன் வரை. முதல் வரிசை புள்ளி வைத்த மெய்க்கு; இரண்டாவது வரிசை அகரத்துக்கு, மூன்றாவது ஆகாரத்துக்கு, இப்படிப் பதின்மூன்றாவது ஔகாரத்துக்கு. ஓர் எழுத்துக்கு ஒரு முடிச்சு மட்டும் எழும்ப வேண்டும்.

‘குந்தவை’யைப் பாருங்கள். கு: முதல் கண்ணி, ஆறாவது வரிசை. ந்: எட்டாவது கண்ணி, முதல் வரிசை. த: ஏழாவது கண்ணி, இரண்டாவது வரிசை. வை: பதினான்காவது கண்ணி, பத்தாவது வரிசை. வழவழப்பான துணியில் நான்கே நான்கு முடிச்சுகள், வானத்தில் நட்சத்திரம் சிதறினாற்போல. தெரியாதவருக்கு அலங்காரம், தெரிந்தவர் விரலால் தடவிப் படிக்கலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. நேர்ப்பக்க வரிசையில் ஊசி வலமிருந்து இடமாகப் போகும், அதனால் கண்ணியைப் பின்னிருந்து எண்ணுங்கள்: எட்டாவது என்றால் அந்தக் கட்டத்தில் நீங்கள் பின்னும் பதினோராவது. அங்கே பர்ல் போட்டால் முடிச்சு எழும். பின்பக்க வரிசையில் நேராகவே எண்ணலாம். அங்கே நிட் போட வேண்டும்.

குறுக்கே ஐந்து கட்டம் இருக்கிறது. நான் குந்தவை, நந்தினி, வானதி, பூங்குழலி, மணிமேகலை ஐவரையும் வைத்தேன். அருள்மொழி, ஆதித்த கரிகாலன் மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. அந்த எழுத்துக்கு மட்டும் உரிய வரிசையில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிடலாம். மறுமுனையில் உங்கள் வீட்டுப் பெயர்களை வையுங்கள்.

இதற்காக ஏரியைப் போய்ப் பார்க்கணுமா?

பார்த்தால் நல்லது. சிதம்பரம் போய் அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ். லால்பேட்டைப் பக்கம் கரையில் ஏறினால் போதும். ஆடி, ஆவணியில் போங்கள். கோடையில் போனால் தரை தெரியும். நூல் துண்டுகளைக் கையோடு எடுத்துப்போய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், கடை வெளிச்சத்தில் எடுத்த முடிவு மாறிவிடும். மதகுகளை எண்ணிச் சால்வையைத் திருத்த வேண்டியதில்லை. 74 நாவலின் கணக்கு.

நான் புதுச்சேரி. எங்கள் ஊர் நாவலில் செய்ய முடியாதா?

தாராளமாக. பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ இருக்கிறதே, 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரி. அவரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் அதற்கு ஆதாரம். பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதினார். நாட்குறிப்பு என்பதால் நான் அலையைத் தேட மாட்டேன். கணக்குப் புத்தகம் மாதிரி ஒரே சீரான வரிசைகள், ஆண்டு மாறும் இடத்தில் ஒரு பர்ல் வரப்பு, அவ்வளவுதான். நிறத்துக்கு யோசிக்கவே வேண்டாம், அவுரி நீலம். புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி பிரெஞ்சு வணிகர் வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. வெளிர் நீலத்தில் தொடங்கி, சாயத் தொட்டியில் முக்க முக்கத் துணி கறுப்பது போல, கடைசியில் கருநீலத்துக்கு வந்து நிற்கலாம். 1761 ஜனவரியில்தான் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, பிள்ளை இறந்ததும் அதே மாதம்தான்.

குரோஷாவில் போடலாமா?

போடலாம், ஆனால் கண்ணிக் கணக்கு வேறு. 74-ஐயும் 14, 13, 12, 12, 23 என்ற பங்கையும் வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த அலை டிசைனில் போடுங்கள். குரோஷா நூலைக் கூடுதலாகச் சாப்பிடும். மாதிரித் துண்டை எடை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பின்னி விற்கலாமா? கேஸ் வராதா?

கல்கி 1954-இல் காலமானார். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. அது முடிந்துவிட்டது, அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியும் விட்டது. நாவலிலிருந்து எண்ணையும் பெயரையும் எடுத்துப் பின்னுவதில் தடையில்லை. தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களையும், சினிமாவின் போஸ்டர், எழுத்து வடிவம், நடிகர்கள் முகம் இவற்றையும் தொடாதீர்கள், அவை வேறு ஆட்களின் சொத்து. என் கணக்கை வைத்துப் பின்னி விற்க என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

துவைப்பது எப்படி?

பச்சைத் தண்ணீரில் கையால். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். கொடியில் போடவே கூடாது. ஈரப் பருத்தியின் எடைக்கு நீளம் ஒரு சாண் கூடிவிடும், அகலம் சுருங்கிவிடும். பாயை விரித்து நிழலில் படுக்கப் போட்டு, அலைகளை விரலால் இழுத்துச் சரி செய்து, கரைத் துளைகள் நேர்க்கோட்டில் நிற்கும்படி ஓரத்தை நீவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்க வேண்டாம். இரண்டு நாள் ஆனாலும் காயாது, வாடை வந்துவிடும்.